கீழ்க்கொம்பைக்குப் பெண் பார்க்கப் போன தேர்

எங்கள் ஆலங்கோட்டைத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மூன்று பேர். வெளியூர்க்காரர்கள் யாராவது அவர்களைப் பற்றி விசாரித்தால், ‘அப்படி யாரும் எங்க ஊர்ல இல்லையே’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எங்கள் வழக்கம். நீங்கள் விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி, உட்காருங்கள்.

மூத்தவர் மாசானம் அண்ணாச்சி. அடுத்தவன் கோமதிநாயகம். மூன்றாமவன் தளவாய். ஊரே வடம் பிடித்து இழுக்கும்போது தேர் தறிகெட்டு ஓடிவிடாமல், சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவது இவர்கள் வேலை. அதில் மூவரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேர் ஓடுவது வருஷத்துக்கு ஒரு நாள். மிச்ச நாளெல்லாம் அந்த மூளையை என்ன செய்வதென்று தெரியாமல் கண்ட இடத்தில் செருகிக்கொண்டு திரிவார்கள்.

தளவாய்க்கு நாற்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. பையன் தங்கமானவன். கெடுத்ததெல்லாம் கூடப் போகிற இரண்டு பேர்தான். போன தடவை ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா, “கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கோங்க” என்று சொல்லியிருக்கிறார். மாசானம் அண்ணாச்சி உடனே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, நடுக்கூடத்தில் காலை நீட்டிப் படுத்து, அந்த மனுஷனைப் பார்த்து, “ஆமா, நீங்க யாரு? என்ன சோலியா வந்தீக?” என்று கேட்டாராம். அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று.

“அண்ணாச்சி, அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல பேச்சுத்துணைக்கு ஒரு பல்லிதான் இருக்கு. அதுவும் ரெண்டு நாளா பதில் சொல்ல மாட்டேங்குது” என்று தளவாய் ஒரு நாள் என்னிடம் சொன்னான். சொல்லும்போது சிரித்தான். கேட்ட எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மலை மேலே இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. குளிர்முடி என்று ஒரு மலையூர். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்கள், மூக்கைச் சிவக்க வைக்கிற குளிர், பள்ளத்தாக்கைச் சுற்றி நடந்து பார்ப்பதற்கென்றே ஒற்றையடிப் பாதைகள். முதுகில் மூட்டை மாதிரிப் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஜனங்கள் வந்து அந்தப் பாதைகளில் சும்மா நடப்பார்கள். அதில் ஒரு பாதை காட்டுக்குள் ஏறி, வியூ பாயின்ட்டைத் தொட்டு, அருவியைத் தாண்டி, கீழே இறங்கினால் கீழ்க்கொம்பை. பெண் செண்பகம் அந்த ஊர்தான். வண்டி போக வழி கிடையாது.

பெண்ணின் அப்பா கண்டிப்பானவர். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள வந்துடணும். பொறந்தப்புறம் வந்தா வாசலோட திரும்பிடலாம்” என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். தரகரும், “தளவாய், இதை விட்டா என் கையில வேற வீடு இல்லப்பா” என்று கையை விரித்துவிட்டார்.

மூவரும் கிளம்பினார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் முட்டுக்கட்டையை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்டு கண்டக்டரோடு சண்டை. அவர் கொடுக்க மாட்டேன் என்கிறார், இவர்கள் வாங்காமல் விட மாட்டோம் என்கிறார்கள். அந்தக் கதை தனி.

குளிர்முடியில் காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கேட். அங்கே ஜெயசீலன் என்று ஒரு காவலர். பொறுமைசாலி. வருகிற எல்லாருக்கும் சொல்கிறதை இவர்களுக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“மஞ்சள் அம்புக்குறி பார்த்துப் போங்க. உள்ள கொண்டுபோற எதுவும் உள்ள தங்கக் கூடாது. போகும்போது இல்லாத எதுவும் வெளிய வரக் கூடாது. காட்டெருமை நின்னா அது போற வரைக்கும் அசையாம நில்லுங்க. அட்டை ஒட்டிச்சுன்னா பிடுங்காதீங்க, இந்த உப்பைப் போடுங்க, விழுந்துடும்.” சொல்லிவிட்டு ஒரு உப்புப் பொட்டலத்தையும் கையில் கொடுத்தார்.

மூவரும் கேட்டை விட்டு நாலடி நகர்ந்து கூடிப் பேசினார்கள்.

“உள்ள கொண்டுபோறது உள்ள தங்கக் கூடாதுங்காரு. நாம தாம்பூலத் தட்டு கொண்டுபோறோம்லா” என்றான் கோமதிநாயகம்.

“பொண்ணு வீட்டுல குடுத்தா தங்கிரும்” என்றார் மாசானம்.

“குடுத்துட்டுத் திருப்பிக் கேட்டா?”

“அது மரியாதையா இருக்காதுடே.”

ஆகவே பூ, பழம், வெற்றிலை, அல்வா எல்லாவற்றையும் ஜெயசீலன் மேஜை மேல் வைத்துவிட்டு, பெண் பார்க்க வெறுங்கையோடு உள்ளே போனார்கள். ஜெயசீலன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் அல்வாவைச் சாப்பிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

பாதை என்றால் அப்படி ஒரு பாதை. இருபுறமும் பாசி பிடித்த மரங்கள், காலுக்குக் கீழே மெத்தென்று சருகு, மரம் விலகுகிற இடத்தில் பள்ளத்தாக்கு முழுக்க வெயில். வேறு யாராக இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பார்கள். நம் ஆட்கள் அம்புக்குறியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னது அதைத்தானே.

முதல் அம்புக்குறி இடது பக்கம் காட்டியது. மாசானம் நின்றுவிட்டார்.

“நல்ல காரியத்துக்குப் போறோம். இடப்பக்கமா எப்படித் திரும்புறது? நம்ம தேர் என்னைக்காவது இடப்பக்கம் திரும்பியிருக்கா?”

திரும்பியதில்லை. நாலு ரத வீதியும் வலம்தான். இப்போது என்ன செய்வது? யோசித்தார்கள். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, விறைத்துக்கொண்டு நின்ற தளவாயின் தோளை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நின்ற இடத்திலேயே வலப்பக்கமாக முக்கால் சுற்று சுற்றினார்கள். மூஞ்சி இடது பக்கத்துப் பாதையைப் பார்த்து நின்றது.

“இப்பம் நேராப் போ” என்றார் மாசானம்.

மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம்? இடது வளைவு வந்த இடத்திலெல்லாம் தளவாய்க்கு முக்கால் சுற்று. வியூ பாயின்ட் வருவதற்குள் அவனுக்கு மலை தனியாகவும் வானம் தனியாகவும் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே வந்த டூரிஸ்ட்கள் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வியூ பாயின்ட்டுக்கு வந்தார்கள். அங்கே ஒரு காட்டெருமை நின்றது.

சிமென்ட் எருமை. கறுப்புப் பெயின்ட் அடித்து, கொம்பை மட்டும் வெள்ளையாக விட்டு, போட்டோ எடுத்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் நடந்த காலை நடந்தபடியே வைத்துக்கொண்டு நின்றார்கள். தளவாய்க்கு வலது கால் தூக்கினபடி இருந்தது.

பேசாதே என்று காவலர் சொல்லவில்லை. அதனால் உதட்டை அசைக்காமல் பேசிக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, போற மாதிரித் தெரியல.”

“பொறு. அதுவும் நம்மளப் பாத்துட்டு நிக்கி. நாம போவட்டும்னு நெனைக்கோ என்னமோ.”

புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மாப்பிள்ளை எருமையின் கொம்பில் பையை மாட்டிவிட்டு, முதுகில் சாய்ந்து செல்ஃபி எடுத்தார்.

“ரொம்பச் சாது” என்றான் கோமதிநாயகம்.

“சாதுவோ முரடோ, போனாத்தான் நாம அசையணும். சொன்னது அப்படி” என்றார் மாசானம்.

ஜோடி போயிற்று. இன்னும் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். எருமை போகவில்லை. வெயில் சாய்ந்தது. தளவாயின் கண்ணில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. துடைக்கவும் கையை அசைக்க முடியாது.

“அண்ணாச்சி, ராகுகாலம் பொறந்திரும். இதுவும் போச்சுன்னா நான் ஊருக்கு வரல. இங்கயே இந்த எருமைகூட நின்னுக்கிடுதேன்.”

மாசானத்துக்கு அது காதில் விழுந்தது. ஆனால் அசையவில்லை. வேலை என்று வந்துவிட்டால் மனுஷன் அப்படித்தான்.

நல்லவேளையாக அந்த மலையில் மூடுபனிக்கு நேரம் காலம் கிடையாது. பள்ளத்தாக்கிலிருந்து புகை மாதிரி கிளம்பி வந்தது. முதலில் மரங்கள் மறைந்தன, பிறகு கம்பி வேலி, பிறகு எருமை.

“போயிருச்சு” என்றார் மாசானம், பெருமூச்சு விட்டு. “எப்படி நைசாப் போச்சு பாத்தியளா, ஒரு சத்தம் இல்ல.”

இனி இறக்கம். இங்கேதான் அவர்கள் கைவேலை தெரிந்தவர்கள். சரிவில் கனமான பொருள் தானாக ஓடும், இதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தளவாய் நல்ல உடம்புக்காரன் வேறு. ஆகவே அவன் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மாசானம் குனிந்து முட்டுக்கட்டையைப் போட்டார். கோமதிநாயகம் அவன் இடுப்புத் துண்டைப் பின்னாலிருந்து வடம் மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டான். தளவாய் அந்தக் கட்டையைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். வைப்பதற்குள் அடுத்த முட்டு வந்துவிடும்.

பாதை ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. தளவாய் விழுந்ததெல்லாம் முட்டுக்கட்டை தடுக்கித்தான்.

“பாத்தியா, முட்டு மட்டும் இல்லேன்னா நீ இப்பம் எங்க போயிருப்ப?” என்று ஒவ்வொரு தடவையும் தூக்கிவிட்டுக்கொண்டே கேட்டார் மாசானம்.

பட்டு வேட்டி மண் வேட்டியாக, அருவியைத் தாண்டி, காட்டின் எல்லைக்கல் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் கீழ்க்கொம்பை. பேரிக்காய்த் தோட்டம், அதற்கடுத்து ஓட்டு வீடு, ஓட்டின் மேல் சமையல் புகை. பஜ்ஜி வாசனை கூட வந்தது. ராகுகாலத்துக்குக் கொஞ்சம் நேரம்தான் பாக்கி. நாலு எட்டு வைத்தால் வாசல்.

“நில்லு” என்றான் கோமதிநாயகம். “காலைப் பாரு.”

தளவாயின் கெண்டைக்காலில் ஒரு அட்டை. குண்டாக, பளபளவென்று, திருப்தியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

உப்பைப் பிரிக்கப் போன கோமதிநாயகத்தின் கையை மாசானம் பிடித்தார்.

“யோசிச்சுச் செய்யி. உப்பைப் போட்டா அட்டை விழும். அதுக்கு வயித்துக்குள்ள இருக்கது யாரு ரத்தம்?”

“நம்ம தளவாய் ரத்தம்.”

“உள்ள கொண்டுவந்தது உள்ள தங்கலாமா?”

“தங்கக் கூடாது.”

“ஆங். அப்பம் போட முடியாது.”

“சரி, அட்டையோடயே கல்லைத் தாண்டிருவோம்.”

“போகும்போது இல்லாதது வெளிய வரலாமா? கேட்டுப் பக்கத்துல நிக்கும்போது அட்டை இருந்துச்சா?”

இல்லை. மூவரும் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்தார்கள். அட்டை காட்டுடையது, ரத்தம் நம்முடையது. அட்டையை விட்டால் ரத்தம் போகிறது, ரத்தத்தை எடுத்தால் அட்டை வருகிறது. கோர்ட்டுக்குப் போனாலும் தீராத வழக்கு. உப்பையும் செலவழிக்க முடியாது என்று கோமதிநாயகம் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தான், அதுவும் உள்ளே கொண்டுவந்ததுதானே. பொட்டலத்தை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டான்.

தளவாய் அந்த ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பசித்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி.

தோட்டத்துக்குள்ளிருந்து கூடையில் பேரிக்காயோடு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். ஒரு காயைக் கடித்துக்கொண்டே கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“யாருங்க நீங்க? ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க?”

“செண்பகம்னு ஒரு பொண்ணைப் பாக்க வந்தோம் தாயி. வர முடியல” என்றார் மாசானம். விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னார். தட்டு, எருமை, அட்டை, ரத்தம், எல்லாம்.

அவள் தளவாயைப் பார்த்தாள். மண், சந்தனம், கண்ணீர்க் கோடு, தூக்கிப் பிடித்த வேட்டி, அதற்குக் கீழே அட்டை.

“வலிக்குதா?”

“இல்லங்க. ரத்தம் போனாப் போவுது. நேரம் போவுதேன்னுதான் இருக்கு” என்றான் தளவாய்.

கடித்த பேரிக்காயை அவள் மெதுவாக மென்று முழுங்கினாள். இதற்கு முன்னால் அவளைப் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகள் வியூ பாயின்ட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு, இறக்கத்தைப் பார்த்து மலைத்து, அப்படியே திரும்பிப் போனவர்கள். எல்லைக்கல் வரைக்கும் வந்த முதல் ஆள் இவன்தான்.

“அந்த அட்டையை நீங்க எடுத்தீங்களா, அதுவா ஒட்டிக்கிச்சா?” என்று கேட்டாள்.

“அதுவா ஒட்டிக்கிச்சு.”

“அப்போ நீங்க எதையும் கொண்டுவரல. அது உங்களோட வருது. தானா ஒட்டிக்கிட்டு வந்தா கணக்குல வராது. எந்திரிங்க, எங்கப்பா கடிகாரத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காரு.”

மாசானம் கல்லை விட்டு எழுந்தார். “என்ன ஒரு மூளை” என்று கோமதிநாயகத்தின் காதில் சொன்னார்.

ராகுகாலம் பிறப்பதற்கு ஒரு மூச்சு முன்னால் வாசப்படி ஏறிவிட்டார்கள். பஜ்ஜி சாப்பிடும்போது அட்டை தானாகவே கழன்று விழுந்து, வாசல் பக்கம் போயிற்று. பெண்ணின் அப்பா முகத்தைச் சுளித்தார். கதவோரம் நின்ற செண்பகம், “அப்பா, எனக்குச் சம்மதம்” என்றாள். தளவாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில்தான். “உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கோங்க” என்று யாரும் சொல்லாதது எங்கள் ஊர் செய்த புண்ணியம்.

ஆவணியில் கீழ்க்கொம்பைக் கோயிலிலேயே கல்யாணம். நாங்களெல்லாம் போய் மொய் எழுதி, சாப்பிட்டு, முன்னதாகவே கிளம்பிவிட்டோம். நான் மட்டும், இந்தத் தடவையும் அல்வாவை வைத்துவிட்டுப் போயிருப்பார்களோ என்று கேட்டில் ஜெயசீலனோடு பேசிக்கொண்டு நின்றேன். அதனால்தான் மிச்சக் கதையைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது.

மாலையும் கழுத்துமாகப் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பின்னால் கட்டையோடு இரண்டு பேர். கேட்டுக்கு உள்பக்கம் வந்ததும் மாசானம் கையை நீட்டி மறித்தார்.

“நில்லு தளவாய். தப்புப் பண்ணப் பாத்தோமே. போகும்போது இல்லாதது வெளிய வரக் கூடாதுல்லா?”

எல்லாரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். போகும்போது இல்லைதான்.

“அப்பம் பொண்ணை விட்டுட்டுப் போவமா?” என்றான் கோமதிநாயகம்.

தளவாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. “அவ இல்லாம நான் வர மாட்டேன் அண்ணாச்சி. நானும் உள்ளயே இருந்துக்கிடுதேன்.”

“நீ எப்படி இருப்ப? உன்னைய நாங்கதான உள்ள கொண்டுபோனோம். நீ உள்ள தங்கப்படாதுலே” என்றார் மாசானம். கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கேட்டுக்கு வெளியே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

செண்பகம் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“அண்ணே, தானா ஒட்டிக்கிட்டு வந்தா கணக்குல வராதுன்னு அன்னைக்குப் பேசி முடிச்சோமே.” சொல்லிவிட்டு ஒரே தாவலில் தளவாயின் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “போங்க.”

தளவாய் நடந்தான். ஜெயசீலன் கேட்டைத் தூக்கிய கையோடு நின்றார்.

“என்னங்க இது?”

“நாங்க எடுத்துட்டு வரல ஐயா. அதுவா ஒட்டிக்கிச்சு” என்றார் மாசானம், மிகவும் பணிவாக.

கேட்டைத் தாண்டியாயிற்று. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

“ஏ கோமதி, ஒட்டிச்சுன்னா பிடுங்காதீங்கன்னாருல்லா ஐயா? என்ன போடணும்னாரு?” என்று கேட்டார் மாசானம்.

கோமதிநாயகம் மடியை அவிழ்த்தான். அன்றைக்கு முடிந்த அதே பொட்டலம். செண்பகத்தின் கையைச் சுற்றி, தளவாயின் தோளைச் சுற்றி, உப்பைச் சீராகத் தூவினான். மூவரும் காத்திருந்தார்கள்.

“விழலையே” என்றான்.

“உப்பு பழசாயிருக்கும்” என்றார் மாசானம்.

செண்பகம் இடுப்பிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்தாள். புருஷன் தோளில் இருந்த உப்பில் அழுந்தத் தேய்த்தாள். ஒரு கடி கடித்து, கண்ணை மூடி ருசித்தாள்.

“வெறும் உப்புக்கெல்லாம் நான் விழ மாட்டேன். கொஞ்சம் மிளகாப்பொடியும் வேணும்” என்றாள்.

கோமதிநாயகம் மிளகாய்ப்பொடி வாங்கக் கடைவீதிப் பக்கம் ஓடத் தொடங்கினான்.

“கோமதி,” என்று கூப்பிட்டான் தளவாய். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. “கடை தூரம்லா. மெதுவாவே போயிட்டு வா.”

அந்த இடம் கொஞ்சம் சரிவு. மாசானம் அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குனிந்து, தளவாயின் குதிகாலுக்குப் பின்னால் முட்டுக்கட்டையைச் செருகினார்.